பொறையோடு ஒரு செட்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக உட்கார்ந்த முதல் நாளிலிருந்து, மாலை போட்டு அனுப்பிவைத்த கடைசி நாள்வரை பயந்துகொண்டேதான் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது விட்டுத் தொலையும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. இப்போதும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தால், அவள் அதை என்ன செய்கிறாள் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

புதிதாகத் தொழிற்சாலை நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். தைரியமாக இருங்கள் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நன்றாகப் பயப்படுங்கள். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பயப்படுங்கள். நசுங்கிய விரலுக்கும் பீறிடும் ரத்தத்துக்கும் எல்லோரும்தான் பயப்படுவார்கள். அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். கட்டுப் போடுவதும் தையல் பிரிப்பதும் உங்களுக்கே தெரியும், அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன். நான் சொல்லப் போவது இரண்டு பெண்களைப் பற்றி. ஒருத்தி என் கண் முன்னால் விழுந்தாள். இன்னொருத்தி விழவே இல்லை, அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவளை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.

எங்கள் கம்பெனி பஸ் நசரத்பேட்டையில் கிளம்பி பூந்தமல்லி, திருவேற்காடு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வரும். நான் திருவேற்காட்டில் ஏறுவேன். அதற்குள் பின் பக்கம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பூந்தமல்லியில் ஏறும் ஷமீம்தான் அந்தப் பஸ்ஸுக்குத் தலைவி. வயரிங் லைனில் மூத்தவள். அவள் சிரித்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். தினமும் ஒரு பெரிய கவர் நிறையப் பொறை வாங்கி வருவாள். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, டீயில் முக்கித் தின்கிற காய்ந்த ரொட்டி, அதுதான். ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் ஒன்று. "வெறும் வவுத்தோட போவாதடி, துண்ணு" என்பாள். எனக்கும் கை மாறி முன் சீட்டுக்கு ஒன்று வரும். நானும் தின்பேன். விடியும் முன் எழுந்து வீட்டுக்கெல்லாம் ஆக்கிவைத்துவிட்டு, தனக்கு ஒரு வாய் போட்டுக்கொள்ள நேரமில்லாமல் ஓடிவருகிற பெண்களுக்காக யோசிக்கவும் ஒருத்தி இருக்கிறாளே என்று மனசு குளிரும்.

அவர்கள் வேலை நின்றுகொண்டே செய்வது. ஆள் உயரப் பலகை ஒன்று மெதுவாக நகர்ந்து வரும். அதோடு கூடவே நகர்ந்து கம்பிகளைக் கோர்த்து, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவர் எங்கே வருவாள்! அதனால் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாட்டில் காலையில் எப்படி வந்ததோ அப்படியே மாலையில் பஸ் ஏறும். இந்தத் தண்ணீர் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலை டீ பிரேக் முடிந்து எல்லோரும் லைனுக்குத் திரும்பியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஷமீம் ஒருத்தியை இடுப்போடு அணைத்துத் தூக்காத குறையாகக் கூட்டிவந்தாள். வந்தவள் செல்வராணி. நசரத்பேட்டைக்காரி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளின் அம்மா. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இவர்கள் பின்னாலேயே லைன் சூப்பர்வைசரும் வந்து நின்றுகொண்டான்.

"என்னம்மா பண்ணுது?" என்று கேட்டேன்.

"வவுறு வலிக்குது சிஸ்டர். தல கிர்ருங்குது. கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் பூடும்."

"மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடறியா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். எனக்கு சுகரு, பிரசரு எதுவுமே கெடையாது."

ஷமீமும் சேர்ந்துகொண்டாள். "அவ மாத்திர மருந்துன்னு எதுவும் போடமாட்டா சிஸ்டர்."

சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை. "கேஸ் டிரபுள் சிஸ்டர் இது. ஒரு ஊசியப் போட்டு உட்டீங்கன்னா எந்திரிச்சு வந்துரும். அங்க ஆளில்லாம போர்டு ஓடிக்கினு கீது."

கம்பெனி டாக்டர் வாரத்தில் சில மதியங்கள் மட்டும் வருவார். போனில் பிடித்தேன். மனுஷர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார், மாத்திரை பற்றியும் கேட்டார். அவர்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன். வலிக்கு ஒரு ஊசி, வயிற்றுக்கு ஒன்று, படுக்கவைத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். நான் சொன்னதை மட்டும் கேட்டிருந்தால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

வலி ஊசியை மருந்து ஏற்றிக் கையில் எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் என்னுடைய பழைய ஹெட் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு வரும் முன் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவையே ஆட்டிவைத்த அம்மா. வாயைத் திறந்தால் திட்டுதான். ஊசியோடு நாம் குனியும்போது பின்னால் வந்து மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். "மொதல்ல மூஞ்சியப் பாரு. அப்புறம் குத்து." அவ்வளவுதான் அவர் பாடம். யார் அவசரப்படுத்தினாலும், யார் உத்தரவு போட்டிருந்தாலும், ஊசி கையில் இருக்கும்போது ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த அம்மா மேல் எனக்கு இருந்த பயம் என் எலும்பிலேயே தங்கிவிட்டது. அதனால் அன்றைக்கும் பார்த்தேன்.

ஃபேன் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. செல்வராணியின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கீழ் இமையை இழுத்தால் உள்ளே சிவப்பே இல்லை. நாடியைத் தொட்டேன். நூல் மாதிரி மெலிந்து ஓடியது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், விரல் நுனியில் துடிப்பது அவள் நாடியா என் நாடியா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"இன்னா சிஸ்டர், போடலியா?" என்றான் சூப்பர்வைசர்.

"நீ வெளிய இருப்பா."

அவனுக்குச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அவனை அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சலைன் ஏற்ற நரம்பைத் தேடிக்கொண்டே, பேச்சுக் கொடுக்கிற மாதிரிக் கேட்டேன்.

"காலைல என்ன சாப்ட்ட?"

"பொறை."

"வெறும் பொறையா? வேற எதுவும் சாப்பிடலியா?"

"டைம் எங்க கீது சிஸ்டர்? செட்டு போடறதுக்கு மட்டும் வவுத்துல எதுனா வோணும்ல. இல்லாங்காட்டி எரியும்."

சோறு தின்றேன் என்று சொல்கிற மாதிரி, அத்தனை சாதாரணமாகச் சொன்னாள். நான் ஷமீமைப் பார்த்தேன். ஷமீம் தன் கைப்பையைப் பார்த்தாள்.

செட் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் போய், "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் போதும். அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். வலிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று என்பார்கள், இரண்டும் ஒரே ஜாதி மருந்தாக இருக்கும். கூடவே பெயர் தெரியாத பொடி வெள்ளை மாத்திரை ஒன்று. ஷமீமின் பைக்குள் அந்த மாதிரிக் கவர்கள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக இருந்தன. பொறையைக் கொடுத்த கை அதையும் கொடுத்திருக்கிறது. என் சீட்டுக்குப் பொறை மட்டும் வந்தது.

"மாத்திரை இல்லன்னு சொன்னியே செல்வி?"

"அது வேற சிஸ்டர். டாக்டர் எய்திக் குடுத்தாத்தான் மாத்திர. இது சும்மா வலிக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் அவளுக்கு வியாதிக்காரர்கள் சாப்பிடுவது. இது வேலைக்குக் கிளம்புகிறவர்கள் சாப்பிடுவது. நீங்கள் எத்தனை முறை கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

"தினமுமா?"

"லீவு நாள்ல போடமாட்டேன். துணி தோய்க்கிறதுனா மட்டும் போடுவேன்."

"வெளிக்குப் போறது என்ன கலர்ல போகுது?"

வெட்கப்பட்டாள். ஷமீம் தலையைத் திருப்பிக்கொண்டாள். "கர்ப்பா சிஸ்டர். தாரு மாதிரி. ஈரல் துண்ணோமே, அதான்னு நெனைச்சுக்கினேன்."

வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. தட்டில் அந்த ஊசி இருந்தது. புண்ணாக்கிய அதே ஜாதி மருந்து அதற்குள்ளும் இருந்தது. டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஊசி போட்டுட்டீங்களா?" இல்லை என்றேன். மறுமுனையில் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "போடாதீங்க. உடனே கெளம்புங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்."

வாசலில் நின்ற கம்பெனி வேனிலேயே கிடத்தினோம். எஸ்டேட் ரோட்டை உங்களுக்குத் தெரியும். முன்னாலும் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷமீம் மடியில் செல்வராணியின் தலை. பாதி வழியில் அவள் வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்த மாதிரிக் கறுப்பாக வந்தது, அப்புறம் சிவப்பாக வந்தது. அவள் இந்த வேனிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

செல்வராணி ரவிக்கைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து ஷமீமின் கையில் வைத்தாள். வீட்டுச் சாவி.

"பசங்க ஸ்கூலு உட்டு வந்துரும்க்கா. கதவு தெறந்து உடணும்."

"நீயே வந்து தெறடி. நீயே வந்து தெற" என்று ஷமீம் அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "நான்தான் சிஸ்டர் குடுத்தேன். நல்லதுன்னு நெனைச்சுத்தான் குடுத்தேன்" என்றாள். நான் சலைன் பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

செல்வராணி பிழைத்தாள். ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தாள். இதோடு கதை முடிந்தது என்றுதான் கம்பெனியில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் பயம் ஆரம்பித்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பொறை இல்லை, சத்தமும் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "யாரெல்லாம் வலி மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்தார்கள். சரி, கேள்வியை மாற்றுவோம் என்று, "யாரெல்லாம் காலைல பொறை துண்றீங்க?" என்றேன். பின் சீட்டு வரை கை எழுந்தது. டிரைவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தூக்கினார்.

"அண்ணாத்தே, நீங்க கைய எறக்குங்க மொதல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உட்கார்ந்த பிறகுதான், எழுந்த கைகளை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். ஒருத்திக்கு முட்டி, ஒருத்திக்குக் குதிகால். மாதவிலக்கு நாட்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்து மாதம் முழுக்கப் போட்டுக்கொண்டவள் ஒருத்தி. காலையில் கம்பெனிக்கு ஒன்று, சாயங்காலம் வீட்டு வேலைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தவள் ஒருத்தி. "எனக்கு வலியெல்லாம் இல்ல சிஸ்டர், வரக்கூடாதுன்னு முன்னாடியே போட்டுக்குவேன்" என்றாள் இன்னொருத்தி. வலிக்குச் சாப்பிடுகிறவள் வலி நின்றால் நிறுத்துவாள். வலி வரும் முன்பே சாப்பிடுகிறவள் எதைப் பார்த்து நிறுத்துவாள்?

ஆகவே, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். வலி வந்தால் என்ன செய்வாய், காலையில் கிளம்பும்போது என்ன போட்டுக்கொள்வாய், பக்கத்தில் நிற்கிறவள் உனக்கு என்ன கொடுப்பாள் என்று கேளுங்கள். அவர்கள் எந்தப் பெயரில் அதை வைத்திருக்கிறார்களோ அந்தப் பெயரில் கேளுங்கள். பதில் வந்த பிறகு தப்பிக்கவும் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். செல்வராணி வேலைக்குத் திரும்பிய அன்று நேராக என் அறைக்கு வந்து நின்றாள். "செட்ட உட்டுட்டேன் சிஸ்டர். முட்டி வலிக்குதே, அதுக்கு இன்னா பண்றது?" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மேலே போய் ஸ்டூல் கேட்டேன், ரிலீவர் கேட்டேன், தண்ணீர் குடிக்க நேரம் கேட்டேன். தொல்லை தாங்காமல் கொஞ்சம் கொடுத்தார்கள். "லைனு ஸ்லோவாப் போவுது சிஸ்டர், நீங்களே நல்ல மாத்திரையாப் பார்த்து ஒண்ணு குடுத்துறக் கூடாதா?" என்று அந்தச் சூப்பர்வைசர் குழைந்துகொண்டு வந்தான். அவனை நான் திட்டிய திட்டு என் ஹெட் சிஸ்டர் காதில் விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்போது ஷமீம்.

அவள் பொறை வாங்குவதையும் விட்டாள், செட் வாங்குவதையும் விட்டாள். செல்வராணி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள் அவள்தான். முன்னைவிடச் சுறுசுறுப்பாகத்தான் இருந்தாள். ஒருநாள் மாலை பஸ்ஸை விட்டு அவள் இறங்கும்போது கீழே பார்த்தேன். செருப்பின் பக்கிளைப் போடாமல், வாரை இழுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"நாளெல்லாம் நிக்கிறோம்ல சிஸ்டர், எல்லாருக்கும்தான் வீங்கும்" என்று சிரித்தாள்.

டாக்டரிடம் கெஞ்சி, பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க ஏற்பாடு செய்திருந்தேன். இவள் மட்டும் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு இன்னா, கல்லு மாதிரி கீறேன்" என்பாள். கடைசியில் செல்வராணிதான் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

முடிவு வந்ததும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மற்றவர்களில் சிலருக்குச் சின்னச் சின்னக் குறைகள், கவனித்தால் சரியாகிவிடும். ஷமீமின் கிட்னி இரண்டும் பாதிக்கு மேல் வேலையை நிறுத்தியிருந்தன. ஆண்டுக்கணக்கில் தண்ணீர் குடிக்காத உடம்பில், மற்றவர்களுக்குக் கொடுத்துத் தானும் தினமும் போட்டுக்கொண்ட அந்த மாத்திரை. போனது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் கட்டிக் காப்பாற்றலாம் என்றார். டயாலிசிஸ் மெஷினுக்குப் போகாமல் இன்றுவரை காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அவள் நம்பரிலிருந்து போன் வந்தால், எடுத்து அவள் குரலைக் கேட்கும்வரை எனக்கு உயிர் இருக்காது.

அன்றைக்கு அவளிடம் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. செல்வராணி படுத்திருந்த அதே கட்டிலின் ஓரத்தில் ஷமீம் உட்கார்ந்திருந்தாள். மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு என்னை நம்பாமல் பார்த்தாள்.

"வேற யாருதோ மாறி வந்திருக்கும் சிஸ்டர். செல்விக்காச்சும் வவுறு வலிச்சுது. எனக்கு எங்கயுமே வலிக்கலியே?"